“பர்மனென்ட் இல்லையா மேடம்?”

கேள்வி: வணக்கம் சார். எனக்கு வயது 34. சென்னையில் ஒரு பெரிய ஐ.டி. கம்பெனியில் 4 வருடமாக வேலை பார்க்கிறேன். ஆனால் நான் அந்தக் கம்பெனியின் ஊழியர் இல்லை, ஆள் அனுப்பும் ஒரு வெண்டார் கம்பெனியின் பே-ரோலில் இருக்கிறேன். ஒரு வருட ஒப்பந்தம், ஒவ்வொரு ஜூனிலும் புதுப்பிக்கிறார்கள். 2 வருடம் முன்பு வெண்டார் மட்டும் மாறியது, சீட்டும் வேலையும் அதேதான். கையில் 62,000 வருகிறது. கணவர் மறைமலை நகரில் ஒரு உதிரிபாகத் தொழிற்சாலையில் 9 வருடமாக நிரந்தர ஊழியர், கையில் 26,000. சேமிப்பு 13 லட்சம், நகை 22 பவுன். என் பெயரில் ஒரு டூவீலர் லோன் மாதம் 4,200, இன்னும் 9 தவணை பாக்கி. கூடுவாஞ்சேரியில் 6 வருடப் பழைய ஃபிளாட் ஒன்று 48 லட்சத்துக்கு வந்திருக்கிறது. சம்பளக் கணக்கு இருக்கும் வங்கியில் போய்க் கேட்டால், “பர்மனென்ட் இல்லையா மேடம்?” என்று ஒரே கேள்வி, அப்புறம் கணவர் சம்பளத்தை வைத்து 15 லட்சம் தரலாம் என்றார்கள். ஒரு புரோக்கர், 25,000 கொடுத்தால் நிரந்தர ஊழியர் என்று கடிதமும் பே-ஸ்லிப்பும் ரெடி பண்ணித் தருகிறேன் என்கிறார். ஃபிளாட்டை விற்கும் வீட்டுக்காரர் வருகிற 15ஆம் தேதிக்குள் 2 லட்சம் அட்வான்ஸ் கேட்கிறார். என் ஒப்பந்தம் முடிய இன்னும் 4 மாதம் இருக்கிறது. என்ன செய்வது? பெயர் வேண்டாம்.

பதில்:

முதலில் அந்த புரோக்கர் விஷயத்தை முடித்துவிடுவோம், ஏனென்றால் மற்றதெல்லாம் ஆற அமரப் பேச வேண்டியவை, இது ஒன்றுதான் இன்றைக்கே முடிவு செய்ய வேண்டியது. அந்த ஆளுக்கு ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். போனை எடுக்காதீர்கள். உங்கள் ஆதார், பான் நகல்களை ஏற்கெனவே வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தால், எதற்கும் உங்கள் கடன் வரலாற்றைக் காட்டும் சிபில் அறிக்கையை ஒரு முறை எடுத்துப் பார்த்துவிடுங்கள். கிரெடிட் தகவல் நிறுவனங்கள் ஒவ்வொன்றும் வருடத்துக்கு ஒரு முறை முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி, அதனால் காசு கேட்கும் ஆப் எதுவும் தேவையில்லை.

நான் அரசு வங்கியில் 26 வருடம் இருந்தேன், அதில் பாதிக்கு மேல் வீட்டுக் கடன் மேசையில். போலி பே-ஸ்லிப் கண்டுபிடிப்பது ஏதோ துப்பறியும் வேலை என்று வெளியே நினைக்கிறார்கள். அப்படி ஒன்றும் இல்லை. பே-ஸ்லிப்பில் ஒரு கம்பெனி பெயர் இருக்கும், வருமான வரித் தளத்தில் பிடித்த வரியின் விவரம் இருக்கும் உங்கள் 26ஏ.எஸ். பக்கத்தைத் திறந்தால் வரி பிடித்தவர் என்று வேறு கம்பெனி பெயர் இருக்கும், பி.எஃப். பாஸ்புக்கில் பணம் கட்டியவர் என்று அதே வேறு பெயர் இருக்கும், ஸ்டேட்மென்ட்டில் சம்பளம் போட்டவர் பெயரும் அதுதான். நாலு காகிதத்தைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஒரு டீ ஆறுவதற்குள் தெரிந்துவிடும். தெரிந்தால் கடன் இல்லை என்பதோடு போகாது, வங்கியை ஏமாற்றப் போலி ஆவணம் கொடுத்தது குற்ற வழக்கு. புரோக்கர் அன்றைக்குப் போனை ஸ்விட்ச் ஆஃப் பண்ணிவிட்டு அடுத்த ஆளிடம் போய்விடுவார், விண்ணப்பத்தில் இருப்பது உங்கள் கையெழுத்து. அதைவிட வருத்தம், உங்கள் விஷயத்தில் அந்தப் பொய் தேவையே இல்லை.

ஏன் தேவையில்லை என்றால், வங்கி உண்மையில் கவலைப்படுவது “பர்மனென்ட்” என்ற சொல்லைப் பற்றி அல்ல. ஐ.டி.யில் நிரந்தர ஊழியரையும் ஒரே மீட்டிங்கில் வீட்டுக்கு அனுப்புவது எல்லோருக்கும் தெரியும். கடன் அதிகாரிக்கு வேண்டியது, இந்தச் சம்பளம் போன வருடமும் வந்ததா, அதற்கு முந்தின வருடமும் வந்ததா, அடுத்த வருடமும் வரும் என்று நம்ப ஏதாவது காகிதம் இருக்கிறதா என்பதுதான். அவர் மேசையில் இருக்கும் படிவத்தில் “நிரந்தரம் / ஒப்பந்தம்” என்று கட்டம் இருக்கும். ஒப்பந்தம் என்று டிக் செய்தால் அதற்கு மேல் அவர் நிறைய எழுத வேண்டும், மேலே கேட்க வேண்டும், நாளை கணக்கு வாராக் கடனானால் அவர் பதில் சொல்ல வேண்டும். மாதக் கடைசியில் இருபது ஃபைல் கிடக்கும்போது அதற்கு யாருக்குப் பொறுமை? அதனால் 15 லட்சம் என்று சொல்லி அனுப்பிவிடுகிறார்கள். அந்த 15 எங்கிருந்து வந்தது என்றால், உங்கள் கணவர் சம்பளத்தில் பாதி 13,000, அதற்கு 8.5 சதவீத வட்டியில் 20 வருடத்துக்கு வரும் கடன். உங்கள் சம்பளத்தை அவர்கள் கணக்கிலேயே எடுக்கவில்லை. உங்களை நிராகரித்தார்கள் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள், உங்களைப் படிக்கவே இல்லை.

ஆக, படிக்க வைப்பதுதான் வேலை. அவர் எழுத வேண்டியதை நீங்களே எழுதிக் கொடுத்துவிடுங்கள். 4 வருட ஒப்பந்தக் கடிதங்கள் அனைத்தும், ஒவ்வொரு புதுப்பித்தலும், தேதி வரிசையில். 3 வருடத்துக்குப் படிவம் 16, வருமான வரி ரிட்டர்ன். சம்பளக் கணக்கின் ஸ்டேட்மென்ட் 6 மாதம் கேட்பார்கள், நீங்கள் 2 வருடத்துக்குக் கொடுங்கள், ஏனென்றால் உங்கள் பலமே நீளம்தான். பி.எஃப். பாஸ்புக்கை யு.ஏ.என். என்ற உங்கள் பி.எஃப். அடையாள எண்ணை வைத்து இறக்கி, அதில் வெண்டார் மாறிய மாதத்தைப் பாருங்கள்: பழைய வெண்டாரின் பி.எஃப். கணக்கில் கடைசி மாதமும் புதிய வெண்டாரின் கணக்கில் முதல் மாதமும் இடைவெளி இல்லாமல் ஒட்டி வந்திருந்தால் அதுதான் உங்கள் துருப்புச்சீட்டு. பழைய கணக்கில் உள்ள பணத்தைப் புதியதற்கு மாற்றாமல் விட்டிருந்தால் இப்போதே மாற்றுங்கள். அந்தப் பணத்தை எடுத்து முன்பணத்துக்குப் போடலாமே என்று தோன்றும், வேண்டாம், அந்தத் தொடர்ச்சிதான் இப்போது பணத்தைவிடப் பெரிது.

இதோடு ஒரு கடிதம். இதுதான் பலர் கேட்காமல் விடுவது. வெண்டார் எச்.ஆர். இடம், “இவர் இந்தத் தேதியிலிருந்து எங்கள் ஊழியர், இந்தக் கிளையன்ட் இடத்தில் இந்த வேலை, ஒப்பந்தம் இத்தனை முறை புதுப்பிக்கப்பட்டிருக்கிறது, அடுத்த முடிவுத் தேதி இது” என்று லெட்டர்ஹெட்டில் வாங்குங்கள். “புதுப்பிக்கும் வாய்ப்பு உண்டு” என்று ஒரு வரி சேர்க்க முடியுமா என்று கேளுங்கள். சில இடங்களில் சட்டப் பிரிவு விடாது, விடாவிட்டால் பரவாயில்லை. கிளையன்ட் மேனேஜர், அதாவது நீங்கள் உட்கார்ந்து வேலை பார்க்கும் கம்பெனியின் மேனேஜர், இமெயிலில் இரண்டு வரி போட்டால் அதுவும் ஃபைலில் சேரட்டும். விண்ணப்பத்தில் வேலையிடம் என்று கேட்கும் இடத்தில் கம்பெனி பெயரை மட்டும் எழுதாதீர்கள். வெண்டார் பெயர் மேலே, கிளையன்ட் பெயர் கீழே, எச்.ஆர். எண் கட்டாயம்.

இந்த எண்ணுக்கு ஏன் இவ்வளவு முக்கியத்துவம் என்றால், நான் கண்ணால் பார்த்த கதை. நல்ல ஃபைல், கணவன் மனைவி இருவர் சம்பளம், எல்லாம் சரி. நேரில் விசாரிக்க ஏஜென்சிப் பையன் பைக்கில் ஓ.எம்.ஆர். போகிறான். பெரிய கண்ணாடிக் கட்டடம், உள்ளே விட மாட்டார்கள். கேட்டில் செக்யூரிட்டி ஒரு லிஸ்ட்டைப் புரட்டிவிட்டு, “இந்தப் பேர்ல எங்க ஸ்டாஃப் யாரும் இல்லப்பா” என்கிறார். அவர் சொன்னது பொய்யில்லை, அந்தப் பெண் வெண்டார் லிஸ்ட்டில் இருக்கிறார், அது வேறு மாடியில் வேறு ரெஜிஸ்டர். பையன் அறிக்கையில் “விண்ணப்பதாரர் அங்கு பணிபுரியவில்லை” என்று எழுதிவிட்டான். ஆறாவது மாடியில் அந்த நேரம் உட்கார்ந்து வேலை பார்த்துக்கொண்டிருந்த பெண்ணுக்கு இது இரண்டு வாரம் கழித்துத்தான் தெரிந்தது. அதைத் திருத்த அந்தப் பெண் மூன்று முறை லீவு போட்டார். ஆகவே யார், எந்த எண், எந்த மாடி, எந்த ஐ.டி. கார்டு, எல்லாம் முன்கூட்டியே எழுதிக் கொடுங்கள், விசாரிக்க வருபவன் வேலையைச் சுலபமாக்குங்கள்.

அடுத்தது நேரம். உங்கள் ஒப்பந்தத்தில் 4 மாதம்தான் பாக்கி. இந்த நிலையில் எந்த அதிகாரியும் முதலில் பார்ப்பது அந்த முடிவுத் தேதியைத்தான், உங்கள் 4 வருடம் அடுத்த பக்கத்தில் மறைந்துவிடும். ஜூனில் புதுப்பித்த கடிதம் கைக்கு வந்து, ஒரு சம்பளமும் ஏறிய பிறகு, ஜூலையில் அதே மேசைக்குப் போனால் உங்களிடம் 11 மாதம் கையிருப்பில் இருக்கும், ஐந்தாவது புதுப்பித்தலும் இருக்கும். ஆளும் அதே, சம்பளமும் அதே, காகிதம் மட்டும் வேறு. அதற்குள் டூவீலர் லோனிலும் பாதி முடிந்திருக்கும். முடிந்தால் மீதியை மொத்தமாகக் கட்டி முடித்துவிட்டு நோ-ட்யூ சான்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், அந்த 4,200 சின்னதாகத் தெரியும், கடன் தகுதியில் கிட்டத்தட்ட 5 லட்சத்தைத் தின்கிறது.

அதுவரை பத்து இடத்தில் “சும்மா கேட்டுப் பார்க்கிறேன்” என்று விண்ணப்பம் போடாதீர்கள். வங்கி உங்களை மறுத்தது சிபில் அறிக்கையில் வராது, ஆனால் விசாரித்தது வரும். இரண்டு மாதத்தில் ஏழு விசாரணை இருந்தால், பார்ப்பவர் மனதில் ஒரு எண்ணம் விழுந்துவிடும். வாயால் கேளுங்கள், மேனேஜரைப் பாருங்கள், பான் எண் கொடுப்பதை ஒன்றிரண்டு இடத்தோடு நிறுத்துங்கள்.

எந்த இடம்? கணவரை முதல் விண்ணப்பதாரராகவும் உங்களை இணை விண்ணப்பதாரராகவும் போட்டு, இருவர் வருமானத்தையும் சேர்க்கச் சொல்லிக் கேளுங்கள். உங்கள் கணவர் கம்பெனிக்குச் சம்பளக் கணக்கு நடத்தும் வங்கியிலிருந்து தொடங்குங்கள், உங்கள் வங்கியை விட அங்கே வாய்ப்பு அதிகம், அந்தக் கம்பெனி ஆட்களை அவர்களுக்குத் தெரியும். சில வங்கிகள் ஒப்பந்தச் சம்பளத்தை முழுதாக எடுக்காது, ஒரு பகுதியைத்தான் எடுக்கும், அது எவ்வளவு என்று நேராகக் கேட்டுவிடுங்கள். பத்திரத்தில் உங்கள் பெயரும் இருக்கட்டும், பெண் பெயர் இருந்தால் பல வங்கிகளில் வட்டியில் துளி குறைக்கிறார்கள், அது இல்லாவிட்டாலும் உங்கள் சம்பளத்தில் வாங்குகிற வீட்டில் உங்கள் பெயர் இல்லாமல் எப்படி.

வங்கி எதுவும் ஒத்துவராவிட்டால் ஹவுசிங் ஃபைனான்ஸ் கம்பெனிகள் இருக்கின்றன. ஒப்பந்த ஆட்களுக்கு அவர்கள் கொஞ்சம் தாராளம், வட்டியும் தாராளம். இதில் ஒரு வித்தியாசத்தைத் தெரிந்துகொண்டு போங்கள்: 2019 அக்டோபரிலிருந்து வங்கிகளின் மாறும் வட்டி வீட்டுக் கடன்கள் ரெப்போ (ரிசர்வ் வங்கி மற்ற வங்கிகளுக்குக் கடன் தரும் வட்டி) மாதிரியான வெளி அளவுகோலோடு கட்டப்பட்டவை, ரெப்போ இறங்கினால் உங்கள் வட்டியும் இறங்கும். ஹவுசிங் ஃபைனான்ஸ் கம்பெனிகளுக்கு அந்தக் கட்டாயம் இல்லை, அவர்கள் தங்கள் சொந்த விகிதத்தை வைத்துக்கொள்கிறார்கள், ஏறும்போது வேகமும் இறங்கும்போது நிதானமும் இருக்கும். ஆனாலும் அங்கே தொடங்கி, ஓரிரு வருடம் ஒரு தவணை தவறாமல் கட்டிக்காட்டி, வங்கிக்கு மாற்றிக்கொள்ளலாம். தனிநபரின் மாறும் வட்டி வீட்டுக் கடனை முன்கூட்டி அடைத்தால் அபராதம் வாங்கக் கூடாது, அதனால் அந்த வழி திறந்தே இருக்கிறது. நிலையான வட்டி என்று எதையாவது நீட்டினால் மட்டும் கவனம்.

சரி, இப்போது நீங்கள் கேட்காத கேள்விக்கு வருகிறேன். கடன் கிடைக்குமா என்று கேட்டீர்கள். ஜூலையில் ஒழுங்காகப் போனால் கிடைக்கும் என்றே நினைக்கிறேன். ஆனால் இந்த 48 லட்ச வீட்டுக்கு வாங்க வேண்டுமா என்றால், வேண்டாம் என்பேன்.

கணக்குப் போட்டுப் பாருங்கம்மா. 30 லட்சத்துக்கு மேல் 75 லட்சம் வரையான கடனில், வீட்டு மதிப்பில் 80 சதவீதத்துக்கு மேல் வங்கி தர முடியாது, இது ரிசர்வ் வங்கி போட்ட வரம்பு. 48இல் 80 சதவீதம் 38.4 லட்சம். மீதி 9.6 உங்கள் கை. நம் மாநிலத்தில் முத்திரைத்தாள் 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம், இரண்டும் சேர்ந்து 4.32 லட்சம், இதற்குக் கடன் கிடையாது. வீட்டுப் புரோக்கர் கமிஷன் 1 சதவீதம் என்றாலே 48,000. வக்கீல் ஒப்பீனியன், பிராசசிங், பத்திரத்தை வங்கியில் ஒப்படைக்கும் எம்.ஓ.டி. பதிவு, வில்லங்கம், இஞ்சினியர் மதிப்பீடு என்று இன்னும் ஒரு 50, 60 ஆயிரம். கூட்டினால் 15 லட்சத்தை ஒட்டி வருகிறது, உங்களிடம் 13. இதுவும் வங்கி இஞ்சினியர் வீட்டை 48க்கே மதிப்பிட்டால்தான், அவர் 44 என்று எழுதினால் பள்ளம் இன்னும் ஆழம். வீட்டுக்காரர் “பத்திரத்தில் குறைத்துக் காட்டலாம், மீதி கேஷாக” என்று ஆரம்பித்தால் கடனும் அந்தக் குறைந்த தொகைக்குத்தான் வரும், அந்தப் பேச்சை அங்கேயே வெட்டுங்கள்.

குறைகிற அந்த 2 லட்சத்துக்கு நகையை அடகு வைத்துவிடலாம் என்று வீட்டில் ஏற்கெனவே யாராவது சொல்லியிருப்பார்கள். அங்கேதான் எனக்கு ஒப்புதல் இல்லை. 38.4 லட்சத்துக்கு மாதத் தவணை சுமார் 33,300. ஒரு ஜூனில் புதுப்பிக்கவில்லை என்று வையுங்கள். உங்கள் தவறு எதுவுமில்லை, கிளையன்ட் பிராஜெக்டை மூடிவிட்டான், அவ்வளவுதான். வீட்டுக்கு வருவது 26,000, தவணை 33,300, அரிசி பருப்பு, பள்ளிக் கட்டணம், கரண்ட், பெட்ரோல் எல்லாம் சேர்த்து ஒரு 28,000. மாதம் 35,000 துண்டு விழுகிறது, சேமிப்பு பூஜ்யம், நகை அடகில். அடுத்த வேலை கிடைக்க நாலு மாதம் ஆனால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. தொடர்ந்து 90 நாள் தாண்டினால் கணக்கு வாராக் கடன் பட்டியலுக்குப் போகும், அப்புறம் வங்கி பேசும் பாஷையே வேறு.

இப்போது இன்னொரு கணக்கு. கடன் 30 லட்சத்துக்குள் இருந்தால் ரிசர்வ் வங்கி வரம்பு 90 சதவீதம் வரை போகிறது. உங்களுக்கு 90 தர மாட்டார்கள், ஆனால் 36 லட்ச வீட்டுக்கு 30 லட்சம் என்பது 83 சதவீதம், கேட்டுப் பார்க்கக்கூடியது. கையிலிருந்து 6 லட்சம், பதிவுக்கு 3.24, மற்ற செலவெல்லாம் சேர்த்துப் பத்து லட்சத்துக்குக் கொஞ்சம் மேலே. 13இல் கிட்டத்தட்ட 3 லட்சம் மிஞ்சுகிறது, 22 பவுன் பீரோவிலேயே இருக்கிறது. தவணை சுமார் 26,000. அதே கெட்ட ஜூன் வந்தால், கணவர் சம்பளம் தவணைக்குச் சரியாகப் போகும், வீட்டுச் செலவு 28,000ஐ அந்த 3 லட்சத்திலிருந்து எடுத்தால் பத்து மாதம் ஓடும், அதன் பிறகும் நகை இருக்கிறது. நகைக் கடன் ஒரே நாளில் கிடைப்பது, வேலை இல்லாதவருக்கும் கிடைப்பது. அதை முன்பணத்தில் போட்டு எரித்துவிட்டால் கடைசிக் கதவையும் நாமே சாத்திக்கொள்கிறோம். நிரந்தர ஊழியர் இருவர் இதே 48 லட்ச வீட்டைக் கேட்டிருந்தால் நகையை வைக்கச் சொல்லியிருப்பேனோ என்னவோ, உங்களுக்குச் சொல்ல மாட்டேன்.

வங்கி உங்கள் இருவர் சம்பளத்தையும் பார்த்து 45 லட்சம் வரை தகுதி என்றே சொல்லலாம், 88,000இல் பாதியை வைத்து டூவீலரைக் கழித்தால் அப்படித்தான் வரும். அது அவர்கள் கணக்கு. நீங்கள் தாங்க வேண்டிய மாதம் அந்தக் கணக்கில் இல்லை.

36க்கு எங்கே வீடு என்று கேட்பீர்கள். கூடுவாஞ்சேரியிலேயே ஸ்டேஷனை விட்டு உள்ளே தள்ளி, அல்லது மறைமலை நகர், சிங்கப்பெருமாள் கோயில் பக்கம் பழைய ஃபிளாட்டுகளைப் பாருங்கள், கணவர் வேலைக்கும் பக்கம், நீங்கள் ரயிலில் இன்னும் கொஞ்ச நேரம் கூடுதலாக உட்கார வேண்டும். ஜூலை வரை தேட நேரம் இருக்கிறது. பொறுக்கிற நேரத்தில் கட்டிக்கொண்டிருக்கும் பிராஜெக்ட் எதிலும் சிக்கிவிடாதீர்கள், விளம்பரத்தில் விலை குறைவாகத்தான் தெரியும். அதற்கு ஜி.எஸ்.டி. உண்டு, வாடகையும் வட்டியும் சேர்ந்து கட்ட வேண்டும், முக்கியமாகக் கடனைத் தளம் தளமாகப் பிரித்துக் கொடுப்பார்கள். கட்டடம் மூன்றாவது தளத்தில் நிற்கும்போது உங்கள் ஒப்பந்தம் முடிந்து வங்கி மறுபடி வேலைச் சான்று கேட்டால்? குடிபோகத் தயாராக இருக்கும் வீடு, ஒரே தடவையில் முழுக் கடன், அதுதான் உங்களுக்கு.

அப்புறம் சில துண்டு விஷயங்கள். கடனோடு ஒரு இன்ஷூரன்ஸைச் சேர்த்துக் கட்டச் சொல்வார்கள், ஒரே பிரீமியம், அதையும் கடனில் சேர்த்துவிடுவார்கள். கட்டாயம் இல்லை. இருவருக்கும் தனியாக டெர்ம் பாலிசி எடுங்கள், மலிவு. “வேலை போனால் தவணை நாங்கள் கட்டுவோம்” என்று ஒரு பாலிசி காட்டினால் சின்ன எழுத்தைப் படியுங்கள், ஒப்பந்தம் முடிந்து புதுப்பிக்காததை அவை பெரும்பாலும் வேலையிழப்பாகவே எடுத்துக்கொள்வதில்லை. பிரதமர் ஆவாஸ் யோஜனா வட்டி மானியம் பற்றி யாராவது ஆசை காட்டியிருக்கலாம், குடும்ப ஆண்டு வருமானம் 9 லட்சத்துக்குள் இருப்பவர்களுக்கு அது, நீங்கள் தாண்டிவிட்டீர்கள். கடன் கொடுக்கும்போது முக்கிய விவர அறிக்கை என்று ஒரு தாள் தர வேண்டும், எல்லாக் கட்டணமும் சேர்த்து உண்மையான வருட விகிதம் அதில் இருக்கும், இரண்டு இடத்தை ஒப்பிட அந்த ஒரு எண்ணை மட்டும் பாருங்கள்.

உங்களைப் போலவே இன்னும் இரண்டு பேர் எழுதியிருக்கிறார்கள், அவர்களுக்கும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஒருவர் அரசுத் திட்டம் ஒன்றில் தொகுப்பூதியத்தில் இருக்கிறார், 11 மாதத்துக்கு ஒரு முறை ஒரு நாள் பிரேக் கொடுத்து மறுபடி சேர்க்கிறார்கள், பி.எஃப். கிடையாது. அந்த ஒரு நாள் பயமுறுத்தும், ஆனால் சேர்த்த ஆணைகளை வரிசையாக வைத்தால் எந்த அதிகாரிக்கும் புரியும், நம் ஊரில் அது அவர்களுக்குப் பழகிய கதை. பி.எஃப். இல்லாத இடத்தில் ரிட்டர்ன்தான் சாட்சி, வரி வராவிட்டாலும் ஒவ்வொரு வருடமும் போடுங்கள்.

இன்னொருவர் பாவம், ஒரு கம்பெனியில் தினமும் ஒன்பது மணிக்குப் போய் ஆறு மணிக்கு வருகிறார், ஆனால் சம்பளம் என்று தராமல் “புரொஃபஷனல் ஃபீஸ்” என்று போட்டு அதில் 10 சதவீதம் வரி பிடிக்கிறார்கள். வங்கி பார்வையில் அவர் சம்பளக்காரரே இல்லை, சுயதொழில் செய்பவர், பே-ஸ்லிப்புக்கு அங்கே மதிப்பில்லை. அதைவிடப் பெரிய அடி ஒன்று: அவர் ஆடிட்டர் வரியை மிச்சம் பிடிக்க கணக்குப் புத்தகம் காட்டாமல் வரி கட்டும் உத்தேச வருமான முறையில், வருமானத்தில் பாதியை மட்டும் லாபமாகக் காட்டியிருக்கிறார். வருடம் 9 லட்சம் வாங்குபவர் காகிதத்தில் 4.5 லட்சக்காரர், கடன் தகுதியும் அதற்குத்தான். அந்த முறையில் பாதி என்பது குறைந்தபட்சம், அதற்கு மேல் எவ்வளவு உண்மையோ அவ்வளவு காட்டலாம். வீடு வாங்கும் எண்ணம் இருந்தால் 2 வருடம் முன்பிருந்தே உண்மை வருமானத்தைக் காட்டி வரியைக் கட்டுங்கள், வேறு வழியில்லை.

இனி அந்த 15ஆம் தேதி. 2 லட்சம் கொடுக்காதீர்கள். இந்த வீடுதான் வேண்டும் என்று நீங்களும் கணவரும் என் பேச்சைக் கேட்காமல் முடிவு செய்தாலும்கூட, வெள்ளைத் தாளில் எழுதிய ரசீதுக்குக் கொடுக்காதீர்கள். விற்பனை ஒப்பந்தமாக எழுதுங்கள், 2012 டிசம்பரிலிருந்து தமிழ்நாட்டில் அதையும் பதிவு செய்ய வேண்டும். அதற்கு முன்னால் தாய்ப்பத்திரம், 30 வருட வில்லங்கம், பட்டா, பிளான் அப்ரூவல் நகல்களை வாங்கி உங்கள் வக்கீலிடம் காட்டுங்கள், வீட்டுக்காரர் சொல்லும் வக்கீலிடம் வேண்டாம். ஒப்பந்தத்தில் வழக்கமாக ஒரு வரி இருக்கும், வாங்குபவர் கெடுவுக்குள் முடிக்காவிட்டால் அட்வான்ஸ் பறிபோகும் என்று. அதற்குக் கீழே, “வாங்குபவருக்கு வங்கிக் கடன் மறுக்கப்பட்டால், மறுப்புக் கடிதம் கொடுத்த 30 நாளில் முன்பணம் முழுவதும் திருப்பித் தரப்படும்” என்று எழுதச் சொல்லுங்கள், கெடுவை ஆகஸ்ட் கடைசி வரை கேளுங்கள். வீட்டுக்காரர் முகம் எப்படிப் போகிறது என்று பாருங்கள். ஒத்துக்கொண்டால் ஜூலையில் எனக்கு எழுதுங்கள், புதுப்பித்த கடிதத்தோடு ஃபைலை எப்படி அடுக்குவது என்று சேர்ந்து பார்ப்போம். ஒத்துக்கொள்ளாவிட்டால் ஞாயிற்றுக்கிழமை சிங்கப்பெருமாள் கோயிலுக்கு ரயில் ஏறுங்கள்.